பழுத்த நாளும் பசித்த நாளும்



இந்த வாரத் தியானத்தை என்னுடைய தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு மே மாதக் கடைசி வாரத்தில் நம்முடைய ஆலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு நாள்தோறும் காலை பத்தரை மணிக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டும், அட்டைப் பெட்டியில் அடைத்த மாம்பழப் பானமும் கொடுத்தோம். ஐந்து நாள்களுக்கும் உரிய பில் என் மேசைக்கு வந்தது. நான் அதை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட்டேன். அப்பொழுது என் மனச்சாட்சி என்னை எதுவும் கேட்கவில்லை.

நிறைவு விழா முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பின்பு எல்லாரும் கலைந்து சென்ற நேரத்தில், நம் சபையைச் சேர்ந்த மாந்தோப்பு வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தார். "தோப்பு எப்படி இருக்கிறது?" என்று வழக்கம்போல் கேட்டேன். "காய்ப்புக்குக் குறைவில்லைங்க ஐயா. ஆனா வியாபாரி சொல்ற விலையில பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் போனா கையில ஒண்ணும் நிக்காது. பழுத்து விழுந்ததை மரத்தடியிலேயே விட்டுட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகமாய் வருத்தியது.

அவருடைய தோப்பு நம் ஆலயத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே பெங்களூரா மாம்பழம் மண்ணில் கிடந்து அழுகிக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஆலய வளாகத்தில் நம் பிள்ளைகள் கடையில் வாங்கிய மாம்பழப் பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பானங்களுக்குரிய கூழுக்குப் பெரும்பாலும் பயன்படுவது இதே பெங்களூரா ரகம்தான். காணிக்கைப் பணத்தைக் கொடுத்து நாம் வாங்கியதும், வாங்க ஆளில்லாமல் நாம் அழுகவிட்டதும் ஒரே கனி. அந்தப் பில்லில் இருந்தது என்னுடைய கையொப்பம்.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கிருஷ்ணகிரியிலும், எல்லைக்கு அப்பால் சித்தூரிலும் பெங்களூரா மாம்பழத்தின் விலை எப்படிச் சரிந்தது என்பதை உங்களில் பலர் செய்தித்தாளில் வாசித்தீர்கள். சிலர் உங்கள் சொந்தத் தோப்பிலேயே அனுபவித்தீர்கள். இமாம்பசந்துக்கும் மல்கோவாவுக்கும் ஆசையோடு விலை கொடுக்கிற ஊர், கிளிமூக்கு மாம்பழத்தைத் தொழிற்சாலைக்குரிய சரக்காகவே பார்க்கிறது. தொழிற்சாலை வாங்கத் தயங்கினால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. மற்ற விளைபொருளைப்போல அதைக் களஞ்சியத்தில் கட்டி வைக்கவும் முடியாது. பழுத்த கனி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இதை நான் சபைக் கமிட்டியில் சொன்னபோது, நம்முடைய மூத்த சகோதரி ஒருவர், கணவரை இழந்து மகன் வீட்டில் இருப்பவர், மறுநாள் காலையில் போதகர் இல்லத்துக்கு வந்தார். "ஐயா, எங்க அம்மா வீடு ஆந்திராப் பக்கம். கோடைக்குக் கோடை தாண்ட்ரா போடுவாங்க. பத்துக் கிலோ பழம் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க, நான் காட்டித் தர்றேன்" என்றார்.

தாண்ட்ரா என்பது மாம்பழச் சாற்றைத் தட்டில் ஊற்றி, வெயிலில் உலர்த்தி, தோல்போல உரித்தெடுக்கும் பண்டம். பேருந்து நிலையங்களில் மஞ்சள் பட்டையாக விற்கிறார்களே, ஏறக்குறைய அதுதான். ஆனால் வீட்டில் செய்தால் அதில் பழத்தைத் தவிர அதிகமாய் எதுவும் இராது. வங்காளத்தில் இதற்கு ஆம்சத்து என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் பரப்பி உலர்த்திப் பனாட்டு செய்வார்கள். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கனி மிகுந்து விளைந்து, வெயிலும் மிகுந்து காய்கிற இடங்களிலெல்லாம் நம் முன்னோர் இந்த வழியைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

அந்தச் சகோதரி காட்டிய முறையை, உங்களுக்குப் பயன்படும் என்பதால், இங்கே எழுதுகிறேன். நன்றாய்ப் பழுத்த, அடிபட்டாலும் அழுகாத பழங்களைக் கழுவித் துடைத்துத் தோலும் கொட்டையும் நீக்கினோம். பத்துக் கிலோ பழத்தில் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ சதை கிடைத்தது. அதை அரைத்து, நார் நீங்க வடிகட்டி, கிலோவுக்கு 100 கிராம் வெல்லமும் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறிக் கொதிவரும்வரை சூடாக்கினோம். பழச்சதையில் இருக்கும் கிருமிகள் மடிவதற்கு இந்தச் சூடு அவசியம். எலுமிச்சைச் சாறு நிறம் கருக்காமல் காக்கும். ஆறியபின் நெய் தடவிய எவர்சில்வர் தட்டுகளில் தோசைக் கனத்துக்குமேல் போகாமல் ஊற்றி, மெல்லிய வேட்டித் துணியால் மூடி, மாடியில் வெயிலில் வைத்தோம். மாலையில் தட்டுகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இரவுப் பனி பட்டால் பகலெல்லாம் காய்ந்தது வீணாகும். விரலால் தொட்டால் ஒட்டாமலும், நடுப்பகுதி குழையாமலும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுத் தகடாய் உரிந்தும் வந்தால் பக்குவம் ஆயிற்று என்று பொருள். அதன்பின் பட்டைகளாக நறுக்கி, எண்ணெய்த்தாளில் சுருட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம்.

எங்களுடைய முதல் முயற்சி தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையில்லாமல் தட்டில் கனமாய் ஊற்றிவிட்டோம். கத்திரி வெயிலும் முடிந்திருந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் திடீரென்று மழை வந்தது. மேற்பரப்பு காய்ந்தும் உள்ளே ஈரம் தங்கியது. மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்தது. ஓரத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். "வேண்டாங்க ஐயா, கண்ணுக்குத் தெரியாம எல்லாத்திலும் பரவியிருக்கும். முழுசையும் கொட்டிடுங்க" என்றார் அந்தச் சகோதரி. அவர் சொன்னது சரியே. இரண்டாம் முறை மெல்லிதாய் ஊற்றினோம். நான்கு நாள் வெயிலில் ஒன்றரைக் கிலோ அடை கிடைத்தது. அதன் புளிப்பும் இனிப்பும் கலந்த சுவையை அன்றைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சான்று கூறினார்கள். தட்டில் ஒன்றும் மீதியாகவில்லை.

மாம்பழத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் தண்ணீர்தான். கனியை அழிக்கிற கிருமிகளுக்குத் தேவையானதும் அந்தத் தண்ணீரே. வெயில் அதை எடுத்துவிட்டால் கனி அழிவுக்குத் தப்புகிறது. புதிதாய் ஒன்றும் சேர்ப்பதைவிட, இருப்பதில் ஒன்றை விட்டுவிடுவதால் இந்தக் காவல் கிடைக்கிறது.

இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி கற்ற நாள்களில் 'தெவேலா' என்ற சொல்லைச் சந்தித்தேன். உலர்ந்த அத்திப்பழங்களை அழுத்திச் சேர்த்துச் செய்த கட்டி என்பது அதன் பொருள். நம்முடைய தமிழ் வேதாகமம் அதை 'அத்திப்பழ அடை' என்று அழகாய் மொழிபெயர்த்திருக்கிறது. அதனால்தான் நானும் இதை மாம்பழ அடை என்று அழைக்கிறேன். அபிகாயில் தன் வீட்டைக் காக்கத் தாவீதை எதிர்கொண்டு போனபோது கழுதைகள்மேல் ஏற்றிச் சென்றவற்றில் இருநூறு அத்திப்பழ அடைகளும் இருந்தன. எசேக்கியா ராஜாவின் பிளவையின்மேல் ஏசாயா வைக்கச் சொன்னதும் அதுவே. ஆனால் என் மனத்தைவிட்டு அகலாதது 1 சாமுவேல் 30ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி.

சிக்லாக் எரிந்து கிடக்கிறது. மனைவி பிள்ளைகள் சிறைப்பட்டுப் போய்விட்டார்கள். தாவீதும் அவனுடைய மனிதரும் அமலேக்கியரைத் தொடர்ந்து விரைகிறார்கள். களைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றங்கரையில் தங்கிவிடுகிறார்கள். அந்த அவசரத்தின் நடுவில் வயல்வெளியில் ஓர் எகிப்தியன் விழுந்து கிடப்பதைக் காண்கிறார்கள். அவன் ஓர் அமலேக்கியனுடைய வேலைக்காரன். வியாதிப்பட்டான் என்பதற்காக எஜமான் அவனை வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் இரவும் பகலும் அவன் உண்ணவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அவனுக்கு அப்பமும் தண்ணீரும் கொடுத்து, அத்திப்பழ அடையில் ஒரு துண்டையும் இரண்டு வற்றல் திராட்சக்குலைகளையும் கொடுக்கிறார்கள். அவன் உயிர் அவனுக்குள் திரும்பி வருகிறது. பின்பு அவனே வழிகாட்டியாகிறான். இழந்தவை யாவும் திரும்பக் கிடைக்கின்றன.

அந்த அடையை யார் செய்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. முந்தின கோடையில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு கை அத்திப்பழங்களை உலர்த்தி அழுத்தி வைத்தது. இதை உண்ணப்போவது பகைவனுடைய வேலைக்காரன் என்றும், அவனால் ஒரு கூட்டமே மீட்படையும் என்றும் அந்தக் கை அறிந்திராது. பழுத்த நாளில் ஒருவர் பட்ட பாடு, பசித்த நாளில் வேறொருவருக்கு உயிராயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயமே. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு மீதிவைத்தபோது அது புழுத்து நாறவில்லையா? பெரிய களஞ்சியங்களைக் கட்ட நினைத்த ஐசுவரியவானை நம் ஆண்டவர் மதிகேடன் என்று காட்டவில்லையா? அப்படியிருக்கச் சேர்த்து வைப்பதைப் போதகரே புகழலாமா? லூக்கா 12ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அந்த ஐசுவரியவான் தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசுகிறான். அவனுடைய திட்டத்தில் அயலான் இல்லை, ஏழை இல்லை, வேலையாள்கூட இல்லை. யோசேப்பும் ஏழு ஆண்டுகள் சேர்த்துவைத்தார். அவருடைய களஞ்சியங்கள் பஞ்சகாலத்தில் திறக்கப்பட்டன. ஐயாயிரம் பேர் திருப்தியாய் உண்டபின் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னவரும் நம் ஆண்டவரே. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவர் துணிக்கைகளைப் பொருட்படுத்தினார் என்பதை நான் சிந்திக்கும்போதெல்லாம், மரத்தடியில் கிடந்த அந்த மாம்பழங்கள் என் கண்முன் வருகின்றன. யாருக்காகச் சேர்க்கிறோம் என்பதே இங்கே கேட்கவேண்டிய கேள்வி.

ஆகையால் என்னுடைய கருத்தை வெளிப்படையாகவே சொல்லுகிறேன். இந்த ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கடைப் பாக்கெட்டுகளை வாங்கக் கூடாது. கமிட்டியில் ஒரு சகோதரர், "பத்து ரூபாய்க்குப் பாக்கெட் கிடைக்கும்போது எதுக்குங்க ஐயா இந்தப் பாடு?" என்று கேட்டார். அவருடைய கேள்வியை நான் இகழவில்லை. பாக்கெட் மலிவுதான், சுலபமும்தான். ஆனால் அந்தப் பத்து ரூபாயில் நம் சபையின் விவசாயிக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று கணக்குப் பார்த்தால், அந்த மலிவின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது விளங்கும். அடுத்த வரிசையில் அமர்ந்து நம்மோடு திருவிருந்தில் பங்குபெறுகிறவருடைய விளைச்சல் அழுகும்போது, அது அவருடைய சொந்த விஷயம் என்று சபை சொல்ல முடியாது.

இதனால் அவருடைய துயரம் தீர்ந்துவிடும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்டமாட்டேன். தோப்புக்காரருடைய விளைச்சல் டன் கணக்கு. நம்முடைய தட்டுகள் கிலோக் கணக்கு. நியாயமான விலை அரசும் கூழ்த் தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் கூடித் தீர்க்கவேண்டிய காரியம். அதற்காகக் குரல் கொடுக்கிறவர்களோடு நாமும் நிற்க வேண்டும். என்றாலும் நம் சபையில் தொண்ணூறு குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்குப் பத்துக் கிலோ என்றால் தொள்ளாயிரம் கிலோ. ஒரு டனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வண்டிச் சரக்கு மண்ணில் கிடக்காமல் வீடுகளுக்குப் போகும். பறிப்புக் கூலி போகக் கையில் நிற்கும்படியான விலையை அவரே சொல்லட்டும். நாம் பேரம் பேசாமல் கொடுப்போம். பேரம் பேசாமல் கடையில் பாக்கெட் வாங்குகிற நமக்கு இது கடினமாய் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். சபையில் இப்படி ஒரு நல்ல யோசனை தோன்றும்போதெல்லாம் அதன் பாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலையில் விழுகிறது. ஆண்கள் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். சகோதரிகள் அடுப்படியில் நிற்கிறார்கள். நாம் தின்றுவிட்டு நன்றி கூறுகிறோம். இம்முறை அப்படி நடக்கக் கூடாது. பழம் நறுக்குவதும், கூழ் கிளறுவதும், தட்டுகளை மாடிக்கு ஏற்றி இறக்குவதும் ஆண்கள் சங்கத்தின் வேலை. காக்கையும் அணிலும் அண்டாமல் காவலிருப்பது வாலிபர்களின் பங்கு. மூத்த சகோதரிகள் நாற்காலியில் அமர்ந்து சொல்லித்தருவார்கள். அவர்கள் கற்றுத்தரும் இடத்தில் இருக்கட்டும். சென்ற ஆண்டு நானும் கிளறினேன். அரைமணி நேரத்தில் தோள் வலித்தது. இத்தனை ஆண்டுகளாக ஆலய விருந்துகளில் யாருடைய தோள் வலித்துக்கொண்டிருந்தது என்று அன்றுதான் எண்ணிப்பார்த்தேன்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தண்ணீர் போய்விட்டபடியால் இந்த அடையில் இனிப்பு செறிந்திருக்கிறது. பழத்துண்டு என்று நினைத்து அதிகமாய்ச் சாப்பிட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் பற்களிலும் இது ஒட்டிக்கொள்ளும். தின்றபின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் டப்பாவில் இருக்கட்டும். குளிரூட்டியில் வைத்தால் பல வாரங்களுக்குக் கெடாது. அது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணாதிருங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் அயலாரைப் பார்க்கப் போகும்போதும், வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் தெருவில் தங்கியிருக்கும் தொழிலாளரைச் சந்திக்கும்போதும், கையில் கொண்டுபோவதற்கு ஒன்று இருக்கட்டும். வயல்வெளியில் விழுந்து கிடக்கிற எகிப்தியன் எந்த நாளில் நம் வழியில் வருவான் என்று நாம் அறியோம்.

இந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். பழம் வருகிற சனிக்கிழமையன்று ஒரு கத்தியும் இரண்டு தட்டுகளும் கொண்டுவாருங்கள். பாக்கெட்டுகளுக்காக ஒதுக்கப்பட்ட தொகை பழத்துக்குப் போகும். அந்தப் பில்லிலும் நான் கையொப்பமிடுவேன். இம்முறை யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கையொப்பமிடுவேன்.

ஜெபிப்போம்: கனிகளைத் தருகிற பிதாவே, மிகுதியான நாளில் எங்களை மறதியிலிருந்து காத்தருளும். எங்கள் அயலாருடைய உழைப்பு எங்கள் கண்முன்னே வீணாகாதபடி எங்கள் கைகளை விழிப்பாக்கும். நாங்கள் சேர்த்து வைப்பது எவருக்கோ உயிர் தருவதாக இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்